சொந்தக் காசில் துண்டறிக்கை அடிக்கலாமா? டெல்லித் தேர்தலும் 10 ரூபாய்ச் சட்டமும்

மயூர்விஹார்_3
அடுத்த சட்டமன்றத் தேர்தல் வருவதற்குள் தெளிவுபடுத்திக்கொள்ளக் கேட்கிறேன். எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கு 200 ரூபாய் போட்டால், 60 வீட்டில் 12,000 ரூபாய் சேரும். அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஒரே விவாதம். ஒரு சாரார், பிடித்த வேட்பாளருக்கு ஆதரவாகத் தமிழிலும் இந்தியிலும் துண்டறிக்கை அடிப்போம் என்கிறார்கள். இன்னொரு சாரார், ஆதரவு வேண்டாம், இருக்கிற எம்எல்ஏவுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று மட்டும் அடிப்போம் என்கிறார்கள். பிள்ளைகள் காகிதமே வேண்டாம், ஃபேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் ஓட்டலாம் என்கிறார்கள். யாரும் கட்சிக்காரர் இல்லை, எந்த வேட்பாளரிடமும் பேசவில்லை. பேச்சுரிமை இருக்கும்போது இதில் சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

பட்டியாலாஹவுஸ்_பக்கம்
குறுக்கிடுகிறது சார், அதுவும் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில். ஆதரவுத் துண்டறிக்கை குற்றம். எதிர்ப்புத் துண்டறிக்கை அந்தப் பிரிவில் குற்றமில்லை. ஃபேஸ்புக் விளம்பரத்துக்குத் தனி விதி, அதைப் பிறகு சொல்கிறேன்.

பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 176 இதுதான்: ஒரு வேட்பாளரின் வெற்றிக்காக, அவருடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல், பொதுக்கூட்டம், விளம்பரம், சுற்றறிக்கை, வெளியீடு அல்லது வேறு எந்த வகையிலும் செலவு செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். ஒரே ஒரு விலக்கு உண்டு. செலவு 10 ரூபாய்க்கு மிகாமல் இருந்து, 10 நாளுக்குள் வேட்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால், அனுமதியோடு செய்ததாகவே கருதப்படும்.

இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 171எச். 1920-இல் தேர்தல் குற்றங்கள் என்ற அத்தியாயத்தைச் சேர்த்தபோது வந்தது. 1.7.2024 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 500 ரூபாயாக இருந்த அபராதத்தை 10,000 ஆக்கினார்கள். 10 ரூபாய் விலக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 10 ரூபாய்.

பிரிவின் வாசகம் ‘அந்த வேட்பாளரின் வெற்றியை முன்னேற்றுவதற்காக’ என்று ஆதரவை மட்டுமே பேசுகிறது. ‘இவருக்குப் போடாதீர்கள்’ என்பது அதற்குள் நேராக அடங்காது. ஆனால் களத்தில் இரண்டே பேர் பலமான வேட்பாளர்களாக இருந்து, நீங்கள் ஒருவரை மட்டும் திட்டினால், மற்றவருக்கு மறைமுக ஆதரவு என்று புகார் கொடுக்க வழி இருக்கிறது.

முனிர்க்கா_முக்கு
10 ரூபாய்க்கு ஜெராக்ஸ் எத்தனை பக்கம் வரும்? பேச்சுரிமையின் நீளத்தை அதில் அளந்துகொள்ளலாம்.

அச்சுக்கூடம்
ஜெராக்ஸ்னு சிரிக்காதீங்க, அதுவும் சிக்கல்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவில, கையால எழுதிப் படி எடுக்கிறதைத் தவிர எந்த முறையில பிரதி எடுத்தாலும் அது ‘அச்சு’தான். எதிர்ப்பு நோட்டீசும் இதுல மாட்டும், ஏன்னா இந்தப் பிரிவுல வேட்பாளரோட வெற்றிக்கு உதவுறதும் வரும், பாதிக்கிறதும் வரும். 176-ல தப்பினது 127ஏ-ல தப்பாது.

எங்க மாதிரி அச்சகத்துக்கு வந்தா வேலை இப்படி நடக்கும். வெளியிடுறவர் யார்னு முதல்ல ஒரு உறுதிமொழி, ரெண்டு பிரதி, கையெழுத்தோட. அவரை நேர்ல தெரிஞ்ச ரெண்டு பேர் அதுல சான்றொப்பம் போடணும். துண்டறிக்கை முகப்பிலேயே அச்சிடுறவர் பேர் முகவரி, வெளியிடுறவர் பேர் முகவரி வரணும். ‘பொதுநலம் விரும்பிகள்’, ‘பகுதி வாழ் தமிழர்கள்’னு போட்டா செல்லாது, ஆள் பேர் வேணும். அச்சானதும் உறுதிமொழியோட ஒரு பிரதியும் அச்சான தாளும் போயாகணும். தேர்தல் ஆணையத்தோட உத்தரவுப்படி மூணு நாளுக்குள்ள, நாலு தாள், கூடவே எத்தனை பிரதி அடிச்சோம், எவ்வளவு கூலி வாங்கினோம்ங்கிற விவரமும்.

எங்கே அனுப்பணும்கிறதுலதான் டெல்லிக்காரங்க தடுமாறுவாங்க. டெல்லியில அடிச்சா தலைமைத் தேர்தல் அலுவலருக்கு. விலை குறைவுன்னு நொய்டாவுல போய் அடிச்சா, அந்த மாவட்ட மேஜிஸ்ட்ரேட்டுக்கு. ஓட்டு எங்கே போடுறாங்கன்னு சட்டம் பாக்கிறதில்லை, மெஷின் எங்கே ஓடிச்சுன்னுதான் பாக்குது. ஃபரிதாபாத், குருகிராம் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

மீறினா ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா 2,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். கூட்டம் எத்தனை மணிக்கு, எங்கேன்னு மட்டும் சொல்ற நோட்டீசுக்கு இதெல்லாம் கிடையாது.

தணிக்கைத்தாள்
ஆதரவுத் துண்டறிக்கைதான் வேண்டும் என்றால் நேர்வழி ஒன்று உண்டு. வேட்பாளரிடமோ அவருடைய தேர்தல் முகவரிடமோ, என்ன வேலை, அதிகபட்சம் எவ்வளவு ரூபாய் என்று குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாங்கிய கணமே அந்தத் தொகை அவருடைய செலவுக் கணக்கில் ஏறும். டெல்லி சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம், 2022 ஜனவரியில் திருத்தியது. உங்கள் 12,000 ரூபாய் அதில் 0.3 சதவீதம். இருந்தும் பல வேட்பாளர்கள் அனுமதி தர மாட்டார்கள். காரணம் தொகை அல்ல, தாள் வேலை.

ஒவ்வொரு வேட்பாளரும் மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். சொந்தப் பெயரில் இருக்கலாம், தேர்தல் முகவரோடு கூட்டாக இருக்கலாம். மனைவியோடோ அண்ணனோடோ கூட்டுக்கணக்கு கூடாது, அவர் முகவராக இருந்தால் தவிர. ஒரே ஆளுக்கு அல்லது நிறுவனத்துக்குத் தேர்தல் முழுவதிலும் சேர்த்து ரொக்கம் 10,000 வரைதான். இங்கேதான் அதிகம் வழுக்குவார்கள். அச்சகத்துக்குத் திங்கட்கிழமை 9,000, வியாழன் 9,000 என்று பிரித்துக் கொடுத்தால் விதி மீறல்தான். வரம்பு ஒரு பில்லுக்கு அல்ல, பெறுபவருக்கு.

பதிவேடு மூன்று நிறம். அன்றாடக் கணக்கு வெள்ளை, ரொக்கம் இளஞ்சிவப்பு, வங்கி மஞ்சள். பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை செலவினப் பார்வையாளர் முன் காட்ட வேண்டும். அதே நேரத்தில் உதவிப் பார்வையாளர் ஒரு நிழல் பதிவேடு எழுதிக்கொண்டிருப்பார். வீடியோ குழு கூட்டத்துக்குப் போய் நாற்காலி, பந்தல் அளவு, வண்டி எண், பேனர் எல்லாவற்றையும் படம் எடுக்கும். இன்னொரு குழு அதைப் போட்டுப் பார்த்து எண்ணும். மாவட்டத் தேர்தல் அலுவலரின் விலைப்பட்டியலைக் கொண்டு பெருக்குவார்கள். உங்கள் பில்லில் நாற்காலி வாடகை 5 ரூபாய், பட்டியலில் 8 ரூபாய் என்றால் ஏன் குறைவு என்று நோட்டீஸ் வரும், 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

ஆதரவாளர் பெயரில் பில் இருந்து, வேட்பாளர் கணக்கில் நன்கொடை என்ற வரவு இல்லாவிட்டால் அந்தத் தாள் இரண்டு பக்கமும் உதைக்கும். மனுத்தாக்கலுக்கு முன்பே அடித்து வைத்தது, அதனால் கணக்கில் வராது என்பதும் நிற்காது. அடித்தது எப்போதாக இருந்தாலும், தாக்கலுக்குப் பிறகு பயன்படுத்தினால் கணக்கில் வரும்.

முடிவு அறிவித்த 26-ஆம் நாள் சரிபார்ப்புக் கூட்டம், 30 நாளுக்குள் இறுதிக் கணக்கு. தாக்கல் செய்யத் தவறினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 10ஏ-படி மூன்று ஆண்டு தகுதியிழப்பு. தோற்றவர்களுக்கும் உண்டு. டெபாசிட் போனதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கும் சுயேச்சைகள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள்.

யமுனைக்கரை
எல்லாம் சரி. 60 வீட்டுத் தமிழர் 12,000 ரூபாய்க்கு இத்தனை சடங்கு. கட்சிக்கு என்ன உச்சவரம்பு? பூஜ்யம் இல்லை, எல்லையே இல்லை. தேர்தல் முடிந்து சட்டமன்றம் என்றால் 75 நாள், மக்களவை என்றால் 90 நாளுக்குள் ஆணையத்துக்கு ஒரு செலவு அறிக்கை. அவ்வளவுதான்.

2025 டெல்லித் தேர்தலில் 1.55 கோடி வாக்காளர்கள், 70 தொகுதிகள். தொகுதிக்குச் சராசரி 2.2 லட்சம் பேர். 40 லட்சத்தை வகுத்தால் ஒரு வாக்காளருக்கு 18 ரூபாய். அந்த 18 ரூபாய்க்குத்தான் நாற்காலி எண்ணுகிறார்கள். மேலே கட்சி ஹெலிகாப்டரில் பறக்கிறது.

தணிக்கைத்தாள்
ஹெலிகாப்டருக்கும் விதி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 நட்சத்திரப் பேச்சாளர்கள், பதிவு மட்டும் செய்த கட்சிக்கு 20. அறிவிக்கை வெளியாகி 7 நாளுக்குள் பட்டியல் போய்ச் சேர்ந்தால்தான் அவர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கிலிருந்து விலகும். வேட்பாளர் அதே வண்டியில் ஏறினால் பாதிச் செலவு அவர் தலையில். மேடையில் வேட்பாளர் நின்றாலோ, அவர் பெயரோ படமோ பேனரில் இருந்தாலோ கூட்டச் செலவில் பங்கு அவருக்கு வரும். பல வேட்பாளர்கள் நின்றால் சமமாகப் பிரிப்பார்கள். பெரிய கூட்டங்களில் தலைவர் படம் மட்டும் பிரமாண்டமாக இருந்து, உள்ளூர் வேட்பாளர் பெயரே எங்கும் இல்லாமல் இருப்பதற்கு அடக்கம் காரணமல்ல, ஆடிட்டர் காரணம்.

பட்டியாலாஹவுஸ்_பக்கம்
யமுனைக்கரை கேட்டதற்குப் பதில் நம்ம டெல்லியிலேயே இருக்கிறது. 1971 மக்களவைத் தேர்தல், டெல்லி சதர் தொகுதி. அமர்நாத் சாவ்லா ஜெயித்தார், தோற்ற கன்வர்லால் குப்தா வழக்குப் போட்டார். 3.10.1974 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. நீதிபதி பகவதி சொன்னதன் சாரம்: தொகுதியில் கட்சி செய்யும் செலவின் பலனை வேட்பாளர் அறிந்தே ஏற்றுக்கொண்டால், அது அவர் அனுமதித்த செலவுதான். இல்லாவிட்டால் உச்சவரம்புக்கு அர்த்தமே இருக்காது.

அரசுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அதே அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது, பிறகு திருத்தச் சட்டமானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 77-க்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: கட்சியோ நண்பர்களோ செய்த செலவு வேட்பாளர் செலவாகக் கருதப்படாது. 1985-இல் நல்லதம்பி தேரா வழக்கில் அதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1996-இல் காமன் காஸ் வழக்கில், கட்சி முறையாகக் கணக்கு வைத்து வருமானவரி தாக்கல் செய்திருந்தால்தான் அந்த விலக்கு என்று பிடியை இறுக்கியது. 2003-இல் நாடாளுமன்றமே விளக்கத்தை மாற்றி, தலைவர்களின் பயணச் செலவு மட்டும் விலக்கு என்று சுருக்கியது. ஆக இன்றைக்குக் கட்சிச் செலவுக்கு இரண்டு பெட்டி. ஆள் பெயர் சொல்லிச் செய்தால் வேட்பாளர் கணக்கு. சின்னத்தையும் தலைவரையும் மட்டும் காட்டினால் பொதுப் பிரச்சாரம், வரம்பில்லை.

இதில் குடிமகன் எங்கே? கட்சிக்கு ஒரு வாசல் திறந்தபடி இருக்கிறது. வேட்பாளருக்கு 40 லட்சம் அகலத்தில் ஒரு வாசல். ஊர்ப்பேர் தெரியாத வாக்காளருக்கு 10 ரூபாய்.

அரசியல் சாசன வாதமும் இங்கேதான் கூர்மையாகிறது. உறுப்பு 19(2)-இல் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அனுமதித்த காரணங்களை எண்ணிப் பாருங்கள்: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். ‘தேர்தலில் சமவாய்ப்பு’ அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் செலவு வரம்பு எப்படி நிற்கிறது? 1954-இல் ஜமுனா பிரசாத் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்ன வழி: தேர்தலில் நிற்பது அடிப்படை உரிமை அல்ல, சட்டம் தரும் உரிமை. நிற்க விரும்புகிறவர் சட்டத்தின் நிபந்தனைக்கு உட்பட்டே நிற்க வேண்டும். வேட்பாளருக்கு அது சரியாகப் பொருந்துகிறது. நிற்காத ஆளுக்கு? அவர் சட்டம் தந்த எந்தச் சலுகையையும் கேட்கவில்லை. பேச மட்டும் கேட்கிறார். 176-ஐ ஜமுனா பிரசாத் தாங்காது என்பது என் வாதம்.

வாக்குச்சாவடி_முகவர்
வக்கீல் சாரோடு இதில் எனக்கு உடன்பாடில்லை. ஏட்டில் அழகாக இருக்கிறது. களத்தில் 176-ஐ எடுத்துவிட்டால் மறுநாளே ‘நலம் விரும்பிகள் மன்றம்’ நூறு முளைக்கும். ஒவ்வொன்றும் 2 லட்சம் செலவு செய்யும். கேட்டால் வேட்பாளரை எங்களுக்குத் தெரியாது என்பார்கள். கன்வர்லால் குப்தா தீர்ப்பு பயந்ததே இதற்குத்தான். வேட்பாளருக்கு வரம்பு வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வைக்காவிட்டால், வரம்பு பக்கத்து வீட்டு வழியாக வெளியேறிவிடும்.

இன்னொன்று, இது பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம், ஜாமீனில் விடக்கூடியது, தண்டனை அபராதம் மட்டும். யாரையும் ஜெயிலில் போடும் சட்டமில்லை. ஆணையம் இதை முக்கியமாகப் பயன்படுத்துவது பினாமி விளம்பரங்களுக்கு எதிராக. பத்திரிகையில் ஆதரவு விளம்பரம் வந்தால் வேட்பாளரைக் கேட்பார்கள். ‘என் அனுமதியோடுதான்’ என்றால் அவர் கணக்கில் ஏறும். ‘எனக்குத் தெரியாது’ என்றால் வெளியிட்டவர் மேல் வழக்கு. அந்தக் கத்தரிக்கோல் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் தப்பித்துவிடுவார்கள்.

பட்டியாலாஹவுஸ்_பக்கம்
பினாமியைப் பிடிக்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அதற்குத் தொகை வரம்பும் பெயர் வெளியிடலும் போதும். முழுத்தடை எதற்கு? இதே கேள்வி இங்கிலாந்தில் வந்திருக்கிறது. அங்கே 1983 சட்டத்தின் 75-ஆம் பிரிவு, வேட்பாளர் அனுமதி இல்லாத ஆள் 5 பவுண்டுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்றது. 1992 தேர்தலில் கருக்கலைப்பு குறித்து வேட்பாளர்களின் நிலைப்பாட்டை அச்சிட்டு ஹாலிஃபாக்ஸ் தொகுதியில் விநியோகித்த ஃபில்லிஸ் போமன் மேல் வழக்கு. 1998-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சமவாய்ப்பு என்ற நோக்கம் நியாயமானதுதான், ஆனால் 5 பவுண்டு என்பது நடைமுறையில் முழுத்தடை, அது அளவு மீறியது என்று தீர்ப்பளித்தது. பிறகு 500 ஆக்கினார்கள், இப்போது 700. வரம்பை ஒழிக்கவில்லை, மூச்சுவிடும் அளவுக்கு உயர்த்தினார்கள். நம் 10 ரூபாய் அந்த 5 பவுண்டின் உடன்பிறப்பு.

யமுனைக்கரை
அப்படியே அமெரிக்காவுக்கும் போய்விடலாமே. அங்கேதான் பணமே பேச்சு என்று சொல்லிவிட்டார்களே.

வாக்குச்சாவடி_முகவர்
அந்த வழி வேண்டவே வேண்டாம்.

பட்டியாலாஹவுஸ்_பக்கம்
எனக்கும் வேண்டாம். ஆனால் அங்கே நடந்ததைப் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். 1976 பக்லி வழக்கில் நன்கொடைக்கு வரம்பு செல்லும், செலவுக்கு வரம்பு செல்லாது என்று பிரித்தார்கள். வேட்பாளரின் மொத்தச் செலவு வரம்பும், தனியாள் சுதந்திரமாகச் செய்யும் செலவுக்கு இருந்த 1,000 டாலர் வரம்பும் அதே தீர்ப்பில் போயின. 2010 சிட்டிசன்ஸ் யுனைடெட், 5-க்கு 4, கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சுதந்திரமாகச் செலவு செய்யலாம் என்றது. கம்பெனி நேரடியாக வேட்பாளருக்குப் பணம் தருவது 1907-இலிருந்தே தடை, அது இன்றும் தடைதான். சூப்பர் பேக் என்கிற ராட்சதக் குழுக்கள் வந்தது அதே ஆண்டு கீழ்நிலை மேல்முறையீட்டு மன்றம் ஸ்பீச்நவ் வழக்கில் தந்த தீர்ப்பால். ‘சுதந்திரச் செலவு’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு ஒருங்கிணைப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு அந்த ஊர் நல்ல பாடம். முகவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

நம் உச்ச நீதிமன்றம் வேறு கோட்டில் போகிறது. 15.2.2024 தேர்தல் பத்திரத் தீர்ப்பில், கட்சிக்குத் தரும் நன்கொடை ஆதரவின் வெளிப்பாடாகவும் இருக்கலாம், அந்த அளவுக்கு அதற்குத் தனியுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று ஏற்றார்கள். ஆனால் வாக்காளர் அறியும் உரிமை 19(1)(அ)-விலிருந்தே பிறக்கிறது, பெயரை முழுக்க மறைப்பது அதை மீறுகிறது என்று திட்டத்தையே ரத்து செய்தார்கள். பேச்சுரிமையைக் கொடுப்பவர் பக்கமிருந்து மட்டும் பார்க்காமல், கேட்பவர் பக்கமிருந்தும் பார்த்த தீர்ப்பு. கம்பெனிகள் தருவதைத் தனிமனிதர் தருவதோடு ஒன்றாக வைக்கவும் மறுத்தார்கள்.

தணிக்கைத்தாள்
அந்தத் தீர்ப்பால் கம்பெனிச் சட்டம் 182-இல் பழைய வரம்பு திரும்பியது: முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம். இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும். அரசு நிறுவனமும், மூன்று நிதியாண்டு முடியாத நிறுவனமும் தரவே கூடாது. மீறினால் தந்த தொகையைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம். தனிமனிதருக்குத் தொகை வரம்பு இல்லை. 2,000-க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கட்சியின் வருமானவரி விலக்குக்கு ஆபத்து. 20,000-க்கு மேல் தந்தவர் பெயர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 29சி-படி ஆணையத்துக்குப் போகும். 19,900 தந்தால் போகாது. ஓட்டை எங்கே என்று கேட்பவர்களுக்கு அந்த 100 ரூபாய்தான் பதில்.

மயூர்விஹார்_3
ஃபேஸ்புக் விஷயம் விட்டுப்போச்சே?

லோதிகாலனி_லேப்டாப்
நான் சொல்கிறேன். காசு கட்டாமல் உங்கள் சொந்தக் கணக்கில் என்ன எழுதினாலும், படம் போட்டாலும், வீடியோ போட்டாலும் அது அரசியல் விளம்பரம் ஆகாது, முன்சான்று தேவையில்லை. ஆணையத்தின் 2013 அக்டோபர் உத்தரவு, பிறகு வந்த விளக்கங்கள் எல்லாம் அப்படித்தான். வாட்ஸாப் குழுவில் எழுதுவதும் இதே ரகம், அவதூறு, வெறுப்புப் பேச்சு விதிகள் தனி.

‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்தி 500 ரூபாய் கட்டிய நொடியில் அது விளம்பரம். அப்போது ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் முன்சான்று வாங்க வேண்டும். இதன் வேர் 13.4.2004 அன்று உச்ச நீதிமன்றம் ஜெமினி டிவி வழக்கில் தந்த உத்தரவு. தொலைக்காட்சிக்காக வந்தது, பிறகு வானொலி, இணையம் எல்லாவற்றுக்கும் நீட்டினார்கள். பதிவு பெற்ற கட்சியும் வேட்பாளரும் ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்பு விண்ணப்பிக்கலாம். மற்ற யாராக இருந்தாலும் ஏழு நாள் முன்பு. விளம்பரத்தின் மின்னணுப் பிரதி இரண்டு, சான்றொப்பமிட்ட எழுத்துவடிவம், தயாரிப்புச் செலவு, எத்தனை முறை என்ன கட்டணம், காசோலை அல்லது வரைவோலையில்தான் கட்டுவோம் என்ற உறுதி.

உங்களைப் போன்ற தனியாட்களுக்கு ஒரு கொக்கி. இது எந்தக் கட்சிக்கோ வேட்பாளருக்கோ நன்மை தருவதற்காக அல்ல, அவர்கள் யாரும் இதற்குப் பணம் தரவில்லை என்று சத்தியம் செய்து தர வேண்டும். ‘இவருக்குப் போடுங்கள்’ என்ற விளம்பரத்துக்கு அந்தச் சத்தியத்தை யாராலும் செய்ய முடியாது. ‘அவருக்குப் போடாதீர்கள்’ என்பதற்குச் செய்யலாம்தான், ஆனால் குழு ஏற்பது சந்தேகம். மாவட்டக் குழு மறுத்தால் மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு. அதற்குள் தேர்தல் முடிந்துவிடும்.

ஆணையத்தைத் தாண்டினாலும் மெட்டா தன் பங்குக்கு விளம்பரதாரரின் அடையாள அட்டை, இருப்பிடம் எல்லாம் சரிபார்க்கும். யார் வெளியிட்டது என்ற வரி விளம்பரத்தோடு வரும். விளம்பர நூலகத்தில் ஏழு ஆண்டு கிடக்கும், செலவு வீச்சோடு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சுவரொட்டிக்கு இப்படி ஒரு நூலகம் இருந்தால் எவ்வளவோ தேவலை.

முனிர்க்கா_முக்கு
சுவரொட்டி என்றதும் ஞாபகம் வந்தது. மெட்ரோ தூணில் ஒட்டினால்?

அச்சுக்கூடம்
ஒட்டவே ஒட்டாதீங்க. டெல்லி சொத்து அலங்கோலத் தடுப்புச் சட்டம் 2007-ன்னு தனியா இருக்கு. ஒரு வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். 127ஏ-ல 2,000, இதுல 50,000. என்ன எழுதினோம்கிறதை விட எங்கே ஒட்டினோம்கிறதுக்குத்தான் பெரிய தண்டனை. பேனர், ஹோர்டிங் எல்லாத்துலயும் வெளியிடுறவர் அடையாளம் வேணும்னு 2024 ஏப்ரல்ல ஆணையம் சொல்லிட்டுது.

தணிக்கைத்தாள்
திரட்டும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 12,000 ரூபாயை ரொக்கமாக எடுத்துப் போவதில் பயமில்லை. நிலைக்கண்காணிப்புக் குழு வண்டியை நிறுத்தினால், வேட்பாளர், முகவர், கட்சிக்காரர் வண்டியில் 50,000-க்கு மேல் ரொக்கமோ, 10,000-க்கு மேல் மதிப்புள்ள பரிசுப்பொருளோ இருந்தால் பறிமுதல். 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமானவரித் துறைக்குத் தகவல். உங்கள் கையில் துண்டறிக்கைக் கட்டும் அச்சக பில்லும் உறுதிமொழிப் பிரதியும் ஒன்றாக இருக்கட்டும். பில் இல்லாத கட்டு யாருடைய கணக்கில் எழுதுவது என்ற கேள்வியோடு பறக்கும் படையிடம் போய் நிற்கும்.

வாக்குச்சாவடி_முகவர்
இவர்கள் கேட்டதற்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதே, யாரும் சொல்லவில்லை. ஆதரவும் வேண்டாம், எதிர்ப்பும் வேண்டாம். எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விப் பட்டியல் அனுப்புங்கள்: குடிநீர் அழுத்தம், கழிவுநீர்க் குழாய், தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர். வந்த பதிலை அப்படியே அருகருகே அச்சிடுங்கள். பதில் தராதவர் கட்டத்தில் ‘பதில் வரவில்லை’. யாரையும் முன்னேற்றவில்லை, அதனால் 176 வராது. போமன் செய்தது கிட்டத்தட்ட இதுதான், ஆனால் ஒரே பிரச்சினையில். நீங்கள் நாலைந்து பிரச்சினை எடுத்தால் ஒருபக்கச் சாய்வு என்ற வாதமும் குறையும்.

பட்டியாலாஹவுஸ்_பக்கம்
நல்ல வழி. என் கொள்கைச் சண்டை நீதிமன்றத்தில் இருக்கட்டும், 60 வீட்டுக்காரர்கள் முதல் வழக்கின் மனுதாரர் ஆக வேண்டியதில்லை. சில எச்சரிக்கைகள் மட்டும். எல்லா வேட்பாளருக்கும் ஒரே நாளில், பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ கேள்வி போக வேண்டும், ஆதாரம் இருக்க வேண்டும். வேட்பாளர் வரிசை வாக்குச்சீட்டு வரிசைப்படி இருக்கட்டும். பதிலைச் சுருக்கினால் எல்லாருடையதையும் ஒரே சொல் எண்ணிக்கைக்குச் சுருக்குங்கள். ‘இவர் கமிஷன் வாங்கினார்’ என்பது போன்ற வரி எந்த மூலையிலும் வேண்டாம். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய்யான கூற்று சன்ஹிதா 175-இல் தனிக் குற்றம், அவதூறு 356-இல் வேறு. வேட்பு மனுவோடு தாக்கலாகும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் உள்ள வழக்கு எண்ணிக்கை, சொத்து விவரத்தை எழுதலாம், அது பொது ஆவணம். அதையும் எல்லாருக்கும் எழுத வேண்டும், ஒருவருக்கு மட்டும் எழுதினால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

லோதிகாலனி_லேப்டாப்
கடைசி 48 மணி நேரம்?

பட்டியாலாஹவுஸ்_பக்கம்
மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 126 பொதுக்கூட்டம், ஊர்வலம், திரை, தொலைக்காட்சி போன்ற கருவி வழிக் காட்சிகளைத் தடுக்கிறது. கையில் தரும் அச்சுத்தாளை அது பெயர் சொல்லித் தடுக்கவில்லை. பத்திரிகை விளம்பரத்துக்கு வாக்குப்பதிவு நாளும் முந்தைய நாளும் முன்சான்று வேண்டும். வாக்குப்பதிவு அன்று சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பது பிரிவு 130-படி குற்றம். மூன்று நாள் முன்பே விநியோகித்து முடித்துவிடுங்கள், வம்பே இல்லை.

மயூர்விஹார்_3
கேள்விப் பட்டியல் வழியே போகிறோம். ஆதரவு, எதிர்ப்பு இரண்டும் இல்லாத தாளுக்கும் அச்சக வரி வேண்டுமா? இந்தி ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம்.

அச்சுக்கூடம்
வேணும்னே வச்சுக்கோங்க. ஒருத்தர் கட்டத்துல ‘பதில் வரவில்லை’ன்னு இருந்தாலே அவர் ஆளு அதைப் பாதிப்புன்னுதான் சொல்வாரு. இந்திப் பக்கத்தை முகப்பா வச்சு, அடியில ஒரே வரியில அச்சகம், வெளியீட்டாளர் பேர், முகவரி. தமிழ்ப் பக்கத்துலயும் போட்டா இன்னும் நல்லது. எழுத்து 8 பாயிண்டுக்குக் கீழ போகாதீங்க, படிக்க முடியலேன்னா போடாத மாதிரிதான். உறுதிமொழியில சான்றொப்பம் போடுற ரெண்டு பேரும் வெளியீட்டாளரோட கூடவே அச்சகத்துக்கு வந்துடட்டும், தேர்தல் வாரத்துல திரும்பத் திரும்ப அலைய நேரம் இருக்காது. 5,000 தாள்னா அந்த எண்ணிக்கை பில்லுலயும், நாங்க அனுப்புற படிவத்துலயும் ஒண்ணா இருக்கணும். பத்தாம திரும்ப 1,000 அடிச்சா அது புது வேலை, புது உறுதிமொழி.